பேட்டரிக்கு வைத்த பொட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

போன ஆயுத பூஜையன்று ஹட்டன் ரயில் நிலையத்துக்குக் கீழே, வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கார்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பானட்டைத் திறந்து வைத்துப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பொரிகடலைக்காக நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தனக் கிண்ணத்தோடு வந்த ஒருவர் ரேடியேட்டருக்குப் பொட்டு வைத்தார், டைனமோவுக்கு வைத்தார், அப்படியே பேட்டரியின் ஈய முனைக்கும் விரலைக் கொண்டுபோனார். அங்கே பழைய கார் ஒன்றை ஓட்டிப் பிழைக்கும் என் நண்பர் மூக்கன் சட்டென்று அவருடைய கையைப் பிடித்தார்.

"அங்க மட்டும் வேணாங்க. சந்தனம் கரண்ட விடாது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. [பொய். நானும் சிரித்தேன். வீட்டுக்கு ஏறிப் போகும் வழியில்தான் சிரிப்பு நின்றது.] மூக்கன் கையைப் பிடித்தார், சரி. அப்படியென்றால் எப்போதோ, எங்கேயோ, பிடிக்க ஆளில்லாமல் ஒரு கை அந்த முனையைத் தொட்டிருக்கிறது. ஒரு வண்டி நின்றிருக்கிறது. வண்டி நின்றால் அதை ஓட்டுகிறவன் கதி என்ன? திரும்பிப் போய் மூக்கனிடம் கேட்டேன். "ரோட்டுல சொல்றதுதாங்க வாத்தியாரே, யார் சொன்னாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று பொரியை என் கையில் கொட்டினார்.

2

முதல் தொடக்கம்:

"பனிப் போர்வை போர்த்திய மலைகள் மெல்லக் கண்விழிக்க—"

[அடித்துவிட்டேன். இந்த மலைநாட்டைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் இந்தப் போர்வை ஒன்று இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. விடியலில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிறவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.]

இரண்டாவது:

"செல்லசாமி நேர்மையான டிரைவர். அவன்—"

[நேர்மையை முதல் வரியிலேயே கொடுத்துவிட்டால் கதை முழுக்க அவன் என்ன செய்வான்? உட்கார்ந்து வெற்றிலை போடுவானா?]

மூன்றாவது நின்றது:

"விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டரை இழுத்தான். விளக்கு செத்தது."

இதிலிருந்துதான் போகப் போகிறேன். இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் போட்டு, தோட்டத்துத் தமிழர்கள் எங்களையெல்லாம் நாடில்லாதவர்களாக்கி ஏழெட்டு வருஷம் ஆன சமயம். இடம், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அது என் கற்பனை. கற்பனைத் தோட்டமாக இருந்தாலும் துரை இல்லாமல் முடியாது. தோட்டத்தை நடத்த ஒரு பெரிய துரை இருக்கிறார். அவருக்கு ஒரு கறுப்புக் கார் இருக்கிறது. அதை ஓட்டுகிறவன் செல்லசாமி.

(அவனை நான் 'அவன்' என்று எழுதுகிறேன். நேரில் பார்த்திருந்தால் 'டிரைவரண்ணே' என்றுதான் வாயில் வரும். எழுத்தாளன் ஆனவுடன் மரியாதை குறைந்துவிடுகிறது.)

3

விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டரை இழுத்தான். விளக்கு செத்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பங்களா வாசலில் பெரிய துரை தொப்பியோடு தயாராக நின்றார். கொழும்பிலிருந்து கம்பெனித் துரை ரயிலில் வருகிறார். ஹட்டனுக்குப் போய் அவரை அழைத்து வர வேண்டும். தோட்டத்தின் கணக்குவழக்கையும் பெரிய துரையின் எதிர்காலத்தையும் கையில் வைத்திருக்கிற மனிதர் அவர்.

செல்லசாமிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. கார் கிளம்ப மறுத்தால் முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இழுத்துப் பார்ப்பான். விளக்கு மெல்ல மெல்ல மங்கினால் பேட்டரியில் சத்தில்லை. விளக்கு அசையாமல் எரிந்தால் பேட்டரி நல்லாயிருக்கிறது, ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியில் எங்கோ கோளாறு. விளக்கு பட்டென்று செத்துப்போனால், கரண்ட் பேட்டரியை விட்டு வெளியே வரும் வாசலிலேயே தடை. கரண்ட் வாங்குவதில் விளக்கு கொறிக்கிற ஆசாமி, ஸ்டார்ட்டர் அண்டாவோடு வந்து நிற்கிற ஆசாமி. வாசல் முக்கால்வாசி அடைத்திருந்தால் கொறிக்கிறவனுக்குக் கிடைக்கும், அண்டாக்காரன் வந்ததும் இருவருக்கும் இல்லாமல் போகும்.

அன்று விளக்கு பட்டென்று செத்தது. கொஞ்சம் பொறுத்துப் பானட்டைத் தட்டியதும் எரிந்தது. ஸ்டார்ட்டரை இழுத்ததும் மறுபடி செத்தது.

"என்னா இது?" என்றார் துரை.

"தெரியலீங்க தொரை."

அது பொய். விளக்கு முதல் தடவை செத்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான்.* தோட்டக்காரனும் சமையல்காரனும் தள்ளினார்கள். கார் பங்களாச் சரிவில் உருண்டு, இரண்டு தடவை இருமி, கீழே திருப்பத்தில் மலைத் தண்ணீர் குழாயாக விழும் பீலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கு மேல் உருள மலை இல்லை. பெரிய துரை கொழுந்து லொறியில் ஏறிப் போனார். கம்பெனித் துரை ஹட்டன் மேடையில் தூறலில் நனைந்து நின்றதும், திரும்பி வரும்போது இரண்டு துரைமாரும் லொறியின் முன் இருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்ததும் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பெரட்டுக் களத்தில் யாரோ சிரித்தார்கள் என்று துரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில்தான் வினை முற்றியது.

* கார் தெரிந்த வாசகர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். விளக்குத்தான் திரும்ப எரிகிறதே, ஹேண்டில் போட்டால் கிளம்பியிருக்குமே? மூக்கனும் இதைத்தான் கேட்டார். எஞ்சின் அதிர்ந்ததும் அந்த நூல் போன்ற தொடர்பும் அறுந்து, கார் இருமிச் செத்தது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது ஒப்புக்கொண்ட ஆட்டமா, போகட்டும் என்று விட்ட ஆட்டமா, எனக்குத் தெரியவில்லை.

4

அன்று காலை முழுவதும் செல்லசாமி பீலிக்குப் பக்கத்தில் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினான். பிளக்குகளைத் துடைத்தான். பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கீழே படுத்து ஸ்டார்ட்டரைக் கட்டையால் தட்டினான். ஸ்டார்ட்டருக்குப் போகும் கனத்த வயரை விரலால் தடவித் தடவி ஒரு முனை வரைக்கும் போனான். மறுமுனைக்குப் போகவில்லை. பேட்டரியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தான்.

விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். விளக்கு பட்டென்று செத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் பேட்டரியின் முனை. அதில் வயரைக் கவ்வியிருக்கும் கிளாம்பைக் கழற்றிச் சுரண்டிப் போட்டால் வேலை முடிந்தது. இவன் ஊரைச் சுற்றுகிறான்.

ஆமாம், சுற்றுகிறான். கோளாறு எங்கே என்று தெரியாதவன் நேராக அங்கே போய் விழுந்திருப்பான். இவனுக்குத் தெரியும்.

[இந்தப் பகுதியை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். செல்லசாமி ஒவ்வொன்றாகச் சோதித்து, மதியம் வெற்றியோடு கோளாறைக் கண்டுபிடிப்பதாக. நன்றாக ஓடியது, ஒரு துப்பறியும் கதை மாதிரி. பிறகு படித்துப் பார்த்தபோது என் ஆள் மடையனாகத் தெரிந்தான். வருஷக்கணக்காகக் காரோடு வாழ்கிறவனுக்கு இது தெரியாதா? சாக்கு அதற்குப் பிறகு வந்ததுதான். சாக்கைப் போட்டு மூடியதும் எனக்கு அவனைக் கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது.]

5

சாக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் இது.

ஆயுத பூஜைக்கு அவரவர் தொழில் கருவி வரிசை வீடுகளான லயத்தில் அவரவர் ஒற்றையறைக் காம்பராவில் சாமிப் படத்துக்கு முன்னால் வரும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவருக்குக் கத்தி. கொழுந்தெடுக்கிறவளுக்குக் கூடை. தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவனுக்கு மண்வெட்டி. லயத்தின் வரிசையில் செல்லசாமி ஒருவனுக்குத்தான் கருவி வீட்டுக்கு வராது, அது துரையின் கராஜில் நிற்கும். ஸ்பேனரை வைத்தால் போதாதா என்று கேட்டால், ஸ்பேனர் எல்லார் வீட்டிலும்தான் கிடக்கிறது என்பான். அதனால் வருஷா வருஷம் பூஜையன்று பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் வைத்துக் காவுகம்பில் தொங்கவிட்டு லயத்துக்குக் கொண்டுவருவான். கம்பின் மறுமுனைக்குத் தோள் கொடுப்பவன் அடுத்த காம்பரா ஆண்டியப்பன், கவ்வாத்துக்காரன். அந்த ஆண்டியப்பன்தான் அந்தத் தோட்டத்தில் சங்கம் கட்டியவன், அதற்குத் தலைவனும் அவன்தான். இது கதைக்கு வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரையிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. கேட்டால் கிடைக்காது என்பது தெரியும். தோட்டத்துச் சாமானை லயத்துக்குக் கொண்டுபோனால் அதற்குத் திருட்டு என்று பெயர்.

கூடைக்கும் வீட்டுக் கத்திக்கும் நடுவில் பேட்டரி உட்கார்ந்திருக்கும். செல்லசாமியின் மகள் பூரணி அதன் இரண்டு ஈய முனைகளுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பாள். மறுநாள் காலை கராஜில் செல்லசாமி யாருக்கும் தெரியாமல் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் கிளாம்பை மாட்டுவான்.

போன வருஷம் பூஜை இல்லை. வீட்டில் தீட்டு. பூரணி மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள்.

[இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒரு கதைக்காக ஒரு குழந்தையைக் கொல்லலாமா? அவளை இரண்டு தடவை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் செல்லசாமி எப்போதும் போலத் துடைத்துவிடுகிறான், கார் கிளம்பிவிடுகிறது, துரை போய்விடுகிறார், கதையில்லை. சந்தனம் அந்த முனையில் நிற்க வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டேன். பெயர் வைத்த பிறகு அடிக்க மனம் வரவில்லை. கொல்லவும் மனம் வரவில்லை. ஆனாலும் கொன்றேன். இதற்கு எனக்கு வருத்தம் இருக்கிறது.]

இந்த வருஷம் பூஜை வந்தது. செல்லசாமி பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தான். அவன் மனைவி ராக்காயி கத்திக்கும் கூடைக்கும் பொட்டு வைத்தாள். பேட்டரிக்கு முன்னால் வந்ததும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டு முனைக்கும் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்து அழுத்தினாள்.

"அவ வைக்கிறாப்லயே வச்சிருக்கேன்," என்றாள். "தொடச்சிராதீங்க."

அவள் அவனிடம் ஏதாவது கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. மறுநாள் காலையில் ஆண்டியப்பனும் அவனும் பேட்டரியைக் கராஜுக்குத் தூக்கிப் போனார்கள். ஆண்டியப்பன் பெரட்டுக்கு நேரமாகிறது என்று வெளியே போய்விட்டான். செல்லசாமி துணியைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான். கிளாம்பை முனையின் மேல் மெல்ல இறக்கினான்.

6

இங்கே கதை படுத்துவிட்டது.

[கதை ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு வரி எழுதி அடித்தேன். கேட்காமலே வந்து கையில் ஏறுகிற உவமையை நம்பக்கூடாது.]

சந்தனம் உண்மையிலேயே காரை நிறுத்துமா? சந்தேகம் அரித்தது. மூக்கனிடம் போனேன். சோதித்துப் பார்க்க அவருடைய காரைக் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெளையாடுறீங்களா வாத்தியாரே? இது எஞ் சோறு."

பிறகு அவரே சந்தனம் வாங்கி வந்தார். முனையில் அப்பினோம். அவர் கிளாம்பை மாட்டி, ஸ்பேனரால் இறுக்கினார். காயட்டும் என்று மறுநாள் வரைக்கும் விட்டோம். மறுநாள் கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. மூக்கனுக்குச் சந்தோஷம். எனக்கு உலகம் இருண்டது. இத்தனை பக்கம் எழுதியது வீண். ஒரு குழந்தையின் சாவு வீண்.

"ஈயம் ஈயத்தக் கடிச்சிருச்சுங்க," என்றார் மூக்கன். "இறுக்குன இறுக்குல சந்தனமெல்லாம் பிதுங்கி வெளிய வந்திருச்சு. லேசா விட்டிருந்தா நின்னிருக்கும். ஆனா எந்த டிரைவர் லேசா விடுவான்?"

பொட்டு நசுங்கக் கூடாது என்று நினைக்கிறவன் விடுவான்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னேனோ என்னவோ, மூக்கன் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நானே சந்தனம் வைத்தேன். நானே கிளாம்பை இறக்கி, திருகாணியைப் பட்டும் படாமலும் திருகினேன். மறுநாள் விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டரை இழுத்தேன். விளக்கு செத்தது.

அந்தக் கார் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, எனக்கு அழுகை வந்தது. என் கதை பொய்யில்லை என்ற சந்தோஷத்தில் வந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

7

மதியத்துக்கு முன்னால் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம் குடையோடு பீலிக்கு இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். அதிகம் பேசமாட்டார், கெட்டவரில்லை.

"செல்லசாமி, நான் சொல்லுறதை வடிவாய்க் கேள். ஆண்டியப்பனுக்குப் பத்துச்சீட்டு எழுதச் சொல்லிப்போட்டார் துரை."

செல்லசாமி கையிலிருந்த பிளக்கைப் புல்லில் வைத்தான். பத்துச்சீட்டு என்றால் வேலை போச்சு, காம்பரா போச்சு, அன்றைக்கே தோட்டத்தை விட்டு வெளியே. வெளியே என்று ஒரு இடம் அவர்களில் யாருக்கும் இல்லை. ஆண்டியப்பனுக்கு வயதான தாயும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

"அவன் என்னாங்க செஞ்சான்?"

"விடியக் கராஜுக்குள்ளயிருந்து அவன் வெளிய போனதைக் காவல்காரன் கண்டவனாம். சங்கக்காரன் காரைக் கெடுத்துப்போட்டான் எண்டு துரை முடிவு கட்டியிட்டார்."

"காரு ஈரத்துல நின்னுருச்சுன்னு சொன்னா?"

"நம்பமாட்டார். நேற்று நல்லா ஓடின கார். ஆண்டியப்பனை அனுப்ப ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவர், இப்ப கிடைச்சிட்டுது. ஈரம், தேய்மானம் எண்டு வாயால சொல்லி ஒண்டும் ஆகாது. கண்ணால காட்டினால்தான் உண்டு." குடையை மறு கைக்கு மாற்றினார். "பின்னேரம் துரை இஞ்ச வாறார். வரேக்க கார் ஓட வேணும். இல்லாட்டி உனக்கும் சேர்த்து எழுதச் சொல்லுவார். உனக்குத் தெரியட்டும் எண்டுதான் வந்தனான்."

அவர் போன பிறகு செல்லசாமி சாக்கை விலக்கினான். கிளாம்பின் விளிம்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம் அப்படியே இருந்தது. திருகாணியைத் தளர்த்தி கிளாம்பைத் தூக்கினான். ஈயத்தைச் சுற்றி உள்ளேயும் மஞ்சளாக ஒரு வளையம்.

இப்போது அவன் முன்னால் இருந்தது இதுதான். துடைத்துப் போட்டால் கார் ஓடும், ஆனால் சாட்சி போய்விடும். பிறகு அவன் என்ன சொன்னாலும் அது வாய்ப்பேச்சு, ஆண்டியப்பன் போவான். துடைக்காமல் துரைக்குக் காட்டினால் ஆண்டியப்பன் தப்பலாம். ஆனால் தோட்டத்துப் பேட்டரியை லயத்துக்குக் கொண்டுபோனவன் செல்லசாமி, பூசினவள் ராக்காயி, துரையை ஊர் சிரிக்க வைத்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்.

8

ராக்காயி கூடை நிறையக் கொழுந்தோடு குறுக்குப் பாதையில் இறங்கி வந்தாள். பீலியில் தண்ணீர் குடித்துவிட்டுக் காரைப் பார்த்தாள்.

"என்னாங்க, இங்கன நிக்குது?"

"ஸ்டார்ட் ஆவல."

அவள் எட்டி உள்ளே பார்த்தாள்.

"பொட்டுனாலயா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு எவ்வளவோ ஆசை. "இறுக்கிப் போட்டிருந்தா ஓடியிருக்கும்," என்றான். "நாந்தான் லேசா விட்டேன்."

கிளாக்கர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னான். அவள் கூடையை இறக்கி வைத்தாள். தலையில் போட்டிருந்த துணியை உருவி, நுனியைப் பீலியில் நனைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் வச்சதுதானே. நானே தொடச்சிர்றேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

செல்லசாமி அவள் கையைப் பிடித்தான்.

"ஆண்டியப்பனுக்கு இது ஒண்ணுதான் சாட்சி."

"நமக்கு?"

அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். தேயிலைக்கு நடுவில் வாகை மரம் நிற்கும் அந்தச் சரிவில்தான் தோட்டத்து ஆட்களைப் புதைப்பார்கள். பூரணியும் அங்கேதான் இருக்கிறாள். அந்த மண்ணும் துரையுடையதுதான். பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்ப உள்ளே வந்து அந்தச் சரிவில் ஒரு விளக்கு வைக்க முடியாது.

"அவள இங்க விட்டுட்டு எங்கங்க போறது?" என்றாள் ராக்காயி.

கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதியது.

[இந்த இடத்தில் அவள் வாயில் ஒரு முடிவை வைத்துவிடலாம் என்று பார்த்தேன். "காட்டுங்க, என்ன ஆனாலும் நான் கூட வர்றேன்" என்று சொல்ல வைத்தேன். அவள் பேச்சாக இல்லை, என் பேச்சாக இருந்தது. "தொடச்சிருங்க, நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்று சொல்ல வைத்தேன். அதுவும் சேரவில்லை. அவள் ஈரத்துணியை அவன் தோளில் போட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னால் அவளை நிறுத்த முடியவில்லை.]

9

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துவிடுங்கள்.

ஒன்றில் செல்லசாமி துடைத்துவிடுகிறான். கார் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. துரை பின் இருக்கையில் ஏறிக்கொள்கிறார். திருப்பத்தில் ஆண்டியப்பன் தலையில் பெட்டியும், அவன் தாய் கையில் சட்டிபானையுமாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஹாரன் அடிக்கிறான். அவர்கள் ஒதுங்கிக் காருக்கு வழி விடுகிறார்கள். ஆண்டியப்பன் பழக்கதோஷத்தில் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அதற்கு மேல் ஒரு வரியும் எழுத என்னால் முடியவில்லை.

இன்னொன்றில் காட்டுகிறான். துரை குனிந்து பொட்டைப் பார்க்கிறார். ஆண்டியப்பன் சீட்டு கிழிகிறது, செல்லசாமிக்கு எழுதப்படுகிறது. அவனும் ராக்காயியும் வாகை மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே— [துரை நம்புவார் என்று யார் சொன்னது? மூன்று பேருக்கும் சேர்த்து எழுதச் சொன்னால்? நான் அந்தத் துரையைச் செய்தவன், எனக்கே அவர் மேல் உத்தரவாதம் இல்லை.]

மூன்றாவதில் துரை பொட்டைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். செல்லசாமியின் தோளில் தட்டுகிறார். எல்லாருக்கும் மன்னிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன், படிக்க இனிமையாகவே இருந்தது. கிழித்துப் போட்டேன். அப்படிச் சிரிக்கிற துரை எங்கேயாவது இருந்திருக்கலாம். ஒரு மனிதன் தன் மகளின் பொட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது, அவனுடைய வாழ்வைத் துரையின் சிரிப்பில் தொங்கவிட எனக்கு மனமில்லை.

இதையெல்லாம் மூக்கனுக்குப் படித்துக் காட்டினேன். கார் மிதிபலகையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்.

"இப்பிடி ஒருத்தர் இருந்தாரா வாத்தியாரே?"

"இல்லை. நான் செய்தது."

"அப்ப அந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சு?"

எந்தப் பேச்சு என்றேன்.

"சந்தனம் கரண்ட விடாதுங்கிறது. தொடச்சுட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா யாருக்குங்க தெரிஞ்சிருக்கும்? எனக்கு எப்பிடி வந்துச்சு?"

10

வாசகரே, என்னிடம் இருக்கும் ஒரே உண்மை அந்த வாக்கியம். அது இந்த ரோட்டில் ஓடுகிறது. நோர்வூட்டில் சொல்கிறார்கள், லிந்துலையில் சொல்கிறார்கள். அப்படியென்றால், என் செல்லசாமி இல்லாவிட்டாலும் அவனைப் போல ஒருவர் வாயைத் திறந்திருக்கிறார்.

எப்போது திறந்தார் என்பது எனக்குத் தெரியாது. துரை முன்னால் நின்றபோது, இதோ பாருங்க தொரை என்று காட்டிச் சொன்னாரா? அல்லது துடைத்துவிட்டு, ஆண்டியப்பன்கள் போன பிறகு, வருஷங்கள் கழித்து, எந்த ஊர்க் கார் ஸ்டாண்டிலோ இன்னொருவர் சந்தனத்தோடு கையை நீட்டியபோது, தாங்க முடியாமல் சொன்னாரா? இரண்டு வழியிலும் அந்த வாக்கியம் மூக்கனிடம் வந்து சேர்ந்திருக்கும். ஒரு எழுத்துக்கூட மாறியிருக்காது.

அதனால் நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஒரு குழந்தையை எடுத்துவிட்டேன், இனி அவர்களிடமிருந்து எதையும் எடுக்க எனக்கு உரிமையில்லை.

பின்னேரம். தூறல் விட்டிருக்கிறது. பங்களாப் பாதையில் துரையின் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது, பின்னால் கிளாக்கரின் குடை தெரிகிறது. பானட் திறந்திருக்கிறது. செல்லசாமியின் தோளில் ராக்காயி போட்டுவிட்டுப் போன ஈரத்துணி. இப்போது அது அவன் கைக்கு வந்துவிட்டது. கை பேட்டரியின் பக்கம் போகிறது.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை, நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள். மூக்கனைப் போல அந்தக் கையைப் பிடிக்கலாம். பிடிக்காமலும் இருக்கலாம். பிடித்தால், எதிரே தெரிகிற அந்த வாகை மரத்தைப் பற்றி ராக்காயியிடம் என்ன சொல்வது என்பதையும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.